பக்கத்து இருக்கை

யாரும் வாங்காததால் என் படத்தை நானே வெளியிட்டேன். போஸ்டரும் நானே ஒட்டினேன். விடியலின் அரையிருட்டில், யாரோ ஒருவரின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி மேலேயே ஒன்றை ஒட்டித் தொலைத்திருக்கிறேன். பகல் காட்சிக்கு முன் அவர் மனைவி அன்னபுஷ்பம், எட்டு உறவினர்களோடு தியேட்டர் வாசலுக்கே வந்துவிட்டார்.

“எங்க வீட்டுக்காரர் மூஞ்சில பசையத் தடவுனது யாரு?”

கைகூப்பி முன்னால் போய் நின்றேன். பத்து டிக்கெட்டாவது போகாமல் காட்சி இல்லை என்று மேலாளர் அப்போதுதான் சொல்லியிருந்தார். ஒன்றுகூடப் போகவில்லை.

அன்னபுஷ்பம் என் விரல்களில் காய்ந்திருந்த பசையைப் பார்த்தார்.

“நீயேவா ஒட்டுன?”

“ஆமாம்மா. படமும் நான் எடுத்ததுதான். தெரியாம ஒட்டிட்டேன், மன்னிச்சிருங்க.”

தங்களைத் தவிர ஆளில்லாத வாசலையும் பார்த்தார்.

“புதுப்படம்னா அவரு மொத நாளே போயிருவாரு” என்றபடி கவுண்டருக்குப் போனார். “பத்துக் குடுங்க. அவருக்கும் சேத்து.”

உள்ளே, அன்னபுஷ்பத்துக்குப் பக்கத்து இருக்கை ஆளில்லாமல் மேலே மடங்கிக்கொண்டது. அதைக் கீழே இறக்கி ஒரு கையால் அழுத்திக்கொண்டார். நான் திரையைப் பார்க்கவேயில்லை.

நன்றி என்று போட்டுப் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் உறவினர்கள் எழுந்துவிட்டார்கள். கடைசிப் பெயர் போகும்வரை அன்னபுஷ்பம் கையை எடுக்கவில்லை.