ஒரு கை தண்ணீர்

சுகிர்தா வரைந்த சங்கரா மீனை மீன்காரி தேசம்மா மூன்றாவது நாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

"கண்ணு உள்ள போயிருக்கு பாரு. இது நேத்து மீனு. எவ வாங்குவா?"

"கண்காட்சிக்குப் போற படம்க்கா. நாளைக்குள்ள அனுப்பணும்."

"எங்க போனா இன்னா? நேத்து மீனு."

தேசம்மா பழைய மீனை ஐஸுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அன்று வந்த மீனை மட்டும் பலகையில் பரப்பி, பேச்சுக்கு நடுவே ஓரக்கண்ணால் பார்த்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பலகையின் ஓரத்தில்தான் சுகிர்தாவின் மூன்று படங்களும் காய்ந்தன. அவற்றின்மேல் ஒரு துளியும் விழுந்ததில்லை.

நான்காம் நாள் காலை சுகிர்தா மீனின் கண்ணையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு புதிய தாளில் வரைந்தாள். கருவிழியில் மட்டும் கடுகளவு இடத்தை, ஈர மினுக்கம் தெரிய, வண்ணம் படாமல் விட்டாள். படத்தை வழக்கமான இடத்தில் காய வைத்தாள்.

ஒரு பெண் வந்து விலை கேட்டாள். தேசம்மா பதில் சொல்லியபடியே சட்டியில் கையை விட்டு மீன்களுக்குத் தண்ணீர் தெளித்தாள். ஓரத்துக்கு வந்த கை தயங்கவே இல்லை. படத்துக்கும் தெளித்தது.

மீனின் சிவப்பு வண்ணம் கரைந்து பலகையில் ஓடியது.

"ஐயையோ, பாப்பா!" தேசம்மா முந்தானையோடு பாய்ந்தாள்.

சுகிர்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துடைக்காதக்கா," என்றாள், நிமிர்ந்து உட்கார்ந்து. "இன்னொரு கை தெளி."