கப்பலைத் தள்ளிய கை

பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் புதுப்பித்த காளீஸ்வரன், பக்கத்து வீட்டு சல்மாக்காவை ராமநாதபுரம் தியேட்டருக்கு அழைத்துப் போனான். அந்தப் படத்தை எங்கே போட்டாலும் ஓடிப்போய்ப் பார்ப்பவர் அவர். கதாநாயகன் மேல் பிரியம் என்று தெருவே கேலி பேசும்.

புயல் காட்சி வந்தது. அக்கா திரையின் ஓரத்தையே பார்த்தார்.

"தொட்டித் தண்ணியில பொம்மைக் கப்பலை ஒரு கை தள்ளுமேக்கா, ஊரே சிரிக்குமே? அதை அழிச்சுட்டேன்! இப்ப நெசக் கடல் மாதிரி இல்ல?"

"இருக்கு தம்பி" என்றவர் கண்ணைத் துடைத்தார்.

"ஏங்க்கா அழுகுறிய?"

"அது எங்க வாப்பா கை. மவுத்தாகுற வரைக்கும் அவுக ஒரு போட்டோ எடுக்க விடல, தம்பி. அந்தக் கை மட்டுந்தான் இருந்துச்சு."

திரையில் கப்பல், தள்ள ஆளில்லாமலே கரை சேர்ந்தது.