கேட்டு நடந்தவர்கள்

"இல்லீங்க. யாரும் யாரையும் கேட்டதில்ல" என்றாள் ஹெஸ்டர்.

சொல்லி முடிப்பதற்குள் காதுமடல் சூடாகிவிட்டது. அறுபது வயதில் இப்படி ஒரு பொய். அதுவும் ஊர்க்கூடத்தில், தெரிந்த முகங்களுக்கு எதிரில், உண்மையைத்தான் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு.

விசாரணை அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். ஹெஸ்டர் மகள் டாம்சின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஊரை ஒட்டிய ஹாகெட் வயலில் நூற்று நாற்பது வீடு கட்டப்போகிறார்களாம். லண்டன் வளர்ந்து வந்து சுற்றியிருக்கிற ஊர்களை விழுங்கிவிடக் கூடாதென்று, அரசாங்கமே கைவைக்காமல் விட்ட பசுமை வளைய நிலம் அது. விட்டவர்களே இப்போது விதிவிலக்கு என்கிறார்கள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி.

ஊரார் இருபது வருஷம் தங்கள் உரிமைபோல ஒரு நிலத்தில் நடந்து, உட்கார்ந்து, விளையாடி வந்திருந்தால் அது ஊரின் பொதுவெளி. அங்கே ஒரு செங்கல் வைக்க முடியாது. ஆனால் நிலக்காரரிடம் கேட்டுவிட்டு நடந்திருந்தால், அது அவர் காட்டிய தயவு. உரிமை ஆகாது. இதில் எதுவென்று தீர்மானிக்கத்தான் இந்த விசாரணை.

கேட்காமல் நுழைந்தவனுக்கு நிலம். மரியாதையாகக் கேட்டவனுக்குப் பட்டை நாமம். இந்தச் சட்டத்தை எழுதினவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும்.

ஹெஸ்டர் கேட்டிருந்தாள். ஒவ்வொரு வசந்தத்திலும் நிலக்காரரின் பண்ணை வாசலில் ரப்பர் பூட்ஸோடு நின்று, பிளம் ஜாம் ஒரு பாட்டிலை நீட்டி, இந்த வருஷமும் டாம்சின் நடக்கலாமா என்று கேட்பாள். பெரியவர் ஹாகெட் ஜாமை வாங்கிக்கொண்டு, தாராளமாக நடக்கட்டும், இதற்கெல்லாமா கேட்பார்கள் என்பார். அவர் போய்ச்சேர்ந்துவிட்டார். நிலத்தை விற்கிற மகனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது.

டாம்சினுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஊர்ச்சாலையில் நடைபாதை கிடையாது, கார்கள் பறக்கும். அங்கே அம்மாவின் கை வேண்டும். வயலில் வேண்டாம். வேலியைக் கோலால் தட்டிக்கொண்டே போவாள். ஓக் மரத்தடியில் காற்று அடங்குவதை வைத்துத் திரும்புவாள். முப்பது வயதில், இந்த உலகத்தில் அவள் தன்னந்தனியாக நடக்கிற இடம் அது ஒன்றுதான்.

அதற்காக ஒரு பொய் என்ன, ஒன்பது பொய் சொல்லலாம் என்றுதான் ஹெஸ்டர் எழுந்து நின்றாள்.

போன வாரமே ஊருக்காக வாதாடுகிற வக்கீல் இதே கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, யாராவது ஹாகெட்டிடம் அனுமதி கேட்டதுண்டா என்று விசாரித்தார். எல்லோரும் டீக்கோப்பைக்குள் பார்த்தார்கள். ஊர்க் காரியத்தைக் கெடுக்க முதலில் கைதூக்குவது யார்? வக்கீல் அந்த மௌனத்தை இல்லை என்று எடுத்துக்கொண்டார். மறைக்க வேண்டிய விஷயம் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று ஹெஸ்டர் நினைத்துக்கொண்டாள்.

அடுத்து நைஜல் ஃபாரோவைக் கூப்பிட்டார்கள். சர்ச் காரியங்களை எடுத்துச் செய்கிறவர், இந்த வழக்குக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர். அதே கேள்வி அவருக்கும். மனிதர் கூரையைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"கேக்காம எப்படிங்க? அடுத்தவர் நிலமாச்சே. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டிலோட போய்க் கேட்டுட்டு வந்துடுவேன். நான் ஒருத்தன்தான் கேக்குறேன்னு நெனச்சிருந்தேன்... மன்னிக்கணும்."

வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

அவர் ஒருவர் வாயைத் திறந்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. தபால் நிலையம் நடத்திய ஐவி முட்டை கொண்டுபோய்க் கேட்டாளாம். கிரிக்கெட் குழுவினர் ஒவ்வொரு கோடையிலும் ஆள் அனுப்பிக் கேட்டார்களாம். நாய் வளர்க்கிறவர்கள் நாயையும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டே கேட்டார்களாம். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக, ஊர் மொத்தமும் போய்க் கேட்டிருக்கிறது.

எல்லோரிடமும் வாங்கித் தின்ற ஹாகெட், உனக்கு முன்னால் நாலு பேர் வந்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லமாட்டார். அடுத்தவர் விஷயத்தை வெளியே சொல்வது அந்த ஊரில் அநாகரிகம்.

கடைசியில் பொய் சொன்னது ஹெஸ்டர் ஒருத்திதான். அந்தப் பொய்யாலும் ஒரு புல்லைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடைவேளையில் ஐவி டீ கொண்டுவந்து கொடுத்து, நன்றாகப் பேசினீர்கள் என்றாள். அதற்குப் பதில் கன்னத்தில் ஒன்று கொடுத்திருக்கலாம்.

பக்கத்திலேயே டாம்சின். அம்மாவின் குரலில் ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள். என்ன நடந்ததென்று அவளுக்கா விளங்காது?

வெளியே வந்தபோது வெயில் நன்றாகவே அடித்தது. கூடத்தை ஒட்டித்தான் வயலுக்குள் போகிற கேட். எப்போதும் அங்கே வந்ததும் டாம்சின் அம்மாவின் கையை விட்டுவிடுவாள். குறுக்கே நடந்து அம்மாவுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்து, டீக்குக் கெட்டிலைப் போட்டுவிட்டுச் சிரிப்பாள்.

இன்று விடவில்லை. முழங்கையைச் சேர்த்துப் பிடித்தபடி சாலைப் பக்கம் திரும்பினாள்.

கேட் இந்தப் பக்கம் இருக்கிறதே, இன்னும் யாரும் பூட்டவில்லையே என்றாள் ஹெஸ்டர்.

"தெரியும்மா" என்றாள் டாம்சின். "பழகிக்கணும்ல."