கைப்பிடி மிஞ்சிய கடை

கடையின் படம் போய்விட்டது. கதவுக் கைப்பிடி மட்டும் மிஞ்சியது.

தையல்காரி கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருந்தாள். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"கடை எங்கே அண்ணி?"

"வெட்டிட்டேன்."

"எதை?"

"கைப்பிடியை மட்டும் வெட்டி எடுத்து நம்ம வலைப்பக்கத்து மேல அழகா வைக்கலாம்னு பார்த்தேன். சேவ்னு அமுக்கினேன். முழுப் படத்து மேலயே போய் உட்கார்ந்துடுச்சு."

"போன்ல இருக்குமே?"

"இடம் பத்தலைன்னு அழிச்சேன்."

"ரொம்ப நல்ல வேலை பண்ணீங்க!"

'முதல்ல ஒரு நகல் எடுத்து வைங்க, அப்புறம் படத்துல கை வைங்க' என்று ஆன்லைன் வகுப்பு டீச்சர் முதல் நாளே தொண்டை வறளச் சொன்னாள். கேட்டால்தானே? பன்னிரண்டு வருஷமாகத் துணியில் கோடுகூடப் போடாமல் கண்ணளவிலேயே கத்தரி வைக்கிற கை. படத்திலும் அப்படியே வைத்தது.

வேறு நாளென்றால் வாசலில் இறங்கி இன்னொரு படம் எடுத்துவிடலாம். நேற்றிலிருந்து கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். கடை முகப்பு முழுக்கச் சாரம், பச்சை வலை. உள்ளே கடை இருப்பதே தெரியாது.

நாலு மணிக்குள் கடையின் வலைப்பக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாக வேண்டும். அறுநூறு பிள்ளைகளுக்குச் சீருடை. முகப்புப் படம் இல்லாவிட்டால் பக்கத்தைத் திறந்தே பார்க்க மாட்டார்களாம். பெற்றோர் கடையை அடையாளம் கண்டு வரவேண்டுமே. இந்த வேலை கிடைத்தால் மூலையில் போர்வை மூடிக் கிடக்கும் மூன்று மெஷினும் ஓடும். வலைப்பக்கம் போடவும் படம் திருத்தவும் அவள் இரண்டு மாதமாகப் படித்தது இதற்குத்தான்.

எதிர்க்கடைத் தையல்காரனும் இதே வேலைக்கு மனு போட்டிருக்கிறான். அவள் கட்டிங் மாஸ்டரைக் கொத்திக்கொண்டு போன ஆள். போன மாதம் தன் வாசலில் நின்று, போனை இவள் கடைப் பக்கம் தூக்கிப் பிடித்தான். அன்றைக்கே வகுப்பில் மைக்கைப் போட்டுப் பொரிந்து தள்ளினாள்: "எதிர்க்கடைக்காரன் சரியான திருட்டுப்பய! ஆளை இழுத்தான், இப்போ கடையையே காப்பியடிக்கப் பார்க்கிறான்!"

வகுப்பே சிரித்தது.

மணி மூன்று. இன்றைய வகுப்பு தொடங்கியது. திரையில் பதினொரு கட்டங்கள்.

"டீச்சர், என் கடை போச்சு!"

"ஐயய்யோ! தீப்பிடிச்சுதா?" என்று பதறினார் ரொட்டிக்கடைக்காரர்.

"படம்தாங்க."

"அடப் போம்மா! நான் தண்ணி வாளியைத் தூக்கிட்டேன்."

டீச்சர் பெருமூச்சு விட்டாள். "நகல் இருக்காக்கா?"

தையல்காரி மேஜையைப் பார்த்தாள்.

"சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. உங்க கடை முகப்பு தெரியிற மாதிரி வேற யார்கிட்டயாவது படம் இருக்கா?"

"என் கடை முன்னாடி நின்னு யாருங்க படம் எடுப்பாங்க? அது என்ன அரண்மனையா?"

யாருக்கும் வழி தெரியவில்லை. "சாரத்தைப் பிரிக்கச் சொல்லுங்க" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "உங்க வாயைச் சாத்துங்க" என்றாள் டீச்சர்.

மூன்றே முக்காலுக்கு ஏழாவது கட்டத்திலிருந்து ஒரு படம் வந்து விழுந்தது.

ஏழாவது கட்டம் எப்போதும் கறுப்புதான். பெயருக்குப் பதில் 'ஏழு' என்று ஓர் எண். கேட்டால் 'கேமரா ரிப்பேர்' என்று எழுதுவார். குரலை ஒருவரும் கேட்டதில்லை. வகுப்பு அவருக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

படத்தோடு ஒரு வரி இருந்தது: 'போன மாசம் பாடத்துக்கு எடுத்தது. வச்சுக்குங்க.'

தையல்காரி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அவள் கடையேதான். கோணலாகத் தொங்கும் பலகை நேராக இருந்தது. மங்கிய சுவர் பளிச்சென்று இருந்தது.

"இவ்வளவு நல்லாத் திருத்தியிருக்கீங்க, என்கிட்ட காட்டவே இல்லையே?" என்றாள் டீச்சர்.



"யாரோ, நல்லா இருக்கட்டும்!" என்றாள் தையல்காரி. இந்த முறை முதல் வேலையாக நகல் எடுத்தாள். பிறகு படத்தைப் பக்கத்தில் ஏற்றினாள், அளவைச் சரி செய்தாள், அனுப்பினாள். நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் பாக்கி. 'கிடைத்தது' என்று பள்ளிக்கூடத்திலிருந்து உடனே பதிலும் வந்தது.

நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள். வெகு நாளைக்குப் பிறகு முதுகு வலிக்கவில்லை.

நாத்தனார் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. "அண்ணி, வாசல்ல இருந்த குப்பைத் தொட்டியைக் காணோம்."

"அழிச்சிருக்கார். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்."

"கதவுக் கண்ணாடியில விரிசலையும் காணோம்."

"அதையும் அழிச்சிருக்கார். எவ்வளவு பொறுமை பாரு அந்த ஊமைக்கோட்டானுக்கு!"

"ஒண்ணை அழிக்க மறந்துட்டாரே. கைப்பிடிக்குப் பக்கத்துல கொஞ்சம் பெருசாக்குங்க."

தையல்காரி பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

கதவுக் கண்ணாடிக்குள் பிம்பமாக, கழுத்தில் அளவு டேப்பு தொங்க, போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார் எதிர்க்கடைக்காரர்.