நாலு கிலோ தட்டு

ரோகிணி அடுப்படியிலிருந்து காபியோடு கூடத்துக்கு வந்தபோது வேலப்பன் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த தட்டைத்தான் பார்த்தார்.

மூன்று வாரமாகப் பட்டறையில் மற்ற சோலியெல்லாம் ஒதுக்கிவிட்டு அவரே செய்த தட்டு அது. வளையத்துக்குள் வளையம், உள்வளையத்தில் டம்ளர். கேரட் கழுவுகிற மெஷினிலிருந்து கழற்றிய பேரிங். எந்தப் பக்கம் சாய்த்தாலும் தொட்டில் பிள்ளை மாதிரி டம்ளர் மட்டும் அசங்காமல் கிடக்கும். ஆறு டம்ளரிலும் தண்ணீர் நிரப்பி, வண்டியில் கட்டி, வில்பட்டியிலிருந்து கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப் பார்த்திருந்தார். அந்த ரோட்டில் மனுசனுக்கு எலும்பே இடம் மாறிவிடும். தண்ணீர் சிந்தவில்லை.

எடைதான் நாலு கிலோ வந்துவிட்டது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டில் தட்டே இல்லையா என்றால், இருந்தது. அந்தத் தட்டில்தான் வினையே. ரோகிணியை இதுவரை மூன்று பேர் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மூன்று தடவையும் காபி கொட்டியது. ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு மடியில். வத்தலக்குண்டுக்காரருக்கும் மடியில், அதுவும் புது வேட்டி. பழனிக்காரர் சுதாரித்து நகர்ந்துகொண்டதில் அவருடைய அம்மாவின் பட்டுச்சேலைக்குப் போனது. சகுனம் சரியில்லை என்று மூன்று வீட்டாரும் சொல்லிவைத்தாற்போல எழுந்து போனார்கள்.

நல்லவேளையாக யாருக்கும் சுடவில்லை. இந்தக் குளிரில் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் ஆறிப்போகுது என்று வேலப்பனின் மனைவி கந்தம்மாள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆனாலும் மகளுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. பெற்றவள் கண்ணீரும் கம்பலையுமாகத் திரிந்தாள். வேலப்பன் அழவில்லை. முப்பது வருசமாக வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். சாய்ந்த கேட்டு, முறிந்த ஏணி, எது வந்தாலும் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கோளாறு பொருளில்தான் இருக்கும், ஆளிடம் இருக்காது. தட்டு வழவழவென்று இருக்கிறது, டம்ளர் வழுக்குகிறது, அவ்வளவுதானே.

முதலில் டீக்கடைக் கம்பித் தூக்கு மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தார். பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு டீக்கடைத் தூக்கா என்று கந்தம்மாள் அதைக் கொண்டுபோய்க் கோழிக்கூண்டு மேல் வைத்துவிட்டாள். அப்புறம் பிறந்ததுதான் இந்த நாலு கிலோ.

இன்றைக்கு வந்திருப்பவன் சிவமுருகன். நத்தத்தில் மாந்தோப்பு. அம்மாவும் தாய்மாமனும் கூட வந்திருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாத பையன். என்ன, வெள்ளைப் பேண்ட் போட்டு வந்திருந்தான்.

ரோகிணி அவன் முன்னால் போய்க் குனிந்தாள். தட்டு சாய்ந்தது.

வேலப்பன் வளையத்தையே பார்த்தார். வளையம் மெல்லத் திரும்பியது. டம்ளர் நேராக நின்றது.

ரோகிணி இன்னும் கொஞ்சம் குனிந்தாள். தட்டு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. டம்ளர் நேராகவே நின்றது.

"பொண்ணு கையில நல்ல நிதானம் இருக்குங்க" என்றார் சிவமுருகனின் அம்மா.

தாய்மாமன் தட்டை எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார். நம்ம பட்டறைதான் என்று வேலப்பன் சொன்னார். சொல்லும்போது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அதே வேகத்தில் பெண் என்ன வேலை பார்க்கிறது என்று மாமன் கேட்க, அதே வேகத்தில் இவரும் பதில் சொன்னார்.

"ஏரிப் பக்கம் ஓட்டல்ல சர்வீஸுங்க. காட்டேஜுக்கு எழுவது படி ஏறணும். மழையோ பனியோ, எட்டுக் காபிய ஒத்தைக் கையில கொண்டு போயிரும். ஆறு வருசமாச்சு, ஒரு சொட்டு சிந்துனதில்லைங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அன்றைக்கு முதல்முறையாக மகளின் முகத்தைப் பார்த்தார். ரோகிணி இன்னமும் குனிந்தேதான் இருந்தாள். நாலு கிலோவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்தாள். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை போட்டோவைக் காட்டி, புள்ளைக்குப் பிடிச்சிருக்கா என்று தரகர் கேட்பார். பிடிச்சிருக்கு என்று கந்தம்மாள் சொல்வாள். வேலப்பன் தன் வாயால் மகளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்திருக்கிறது. அதையும் மூன்று வாரம் மெனக்கெட்டு வெல்டிங் வைத்து அடைத்தாயிற்று. அவருக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்தார்.

மாப்பிள்ளைக்கு நானே எடுத்துத் தாரேன் என்று டம்ளரைப் பிடித்து இழுத்தார். வளையம் லேசில் விடவில்லை. வேலை சுத்தம். இரண்டாவது இழுப்பில்தான் வந்தது.

டம்ளர் சுடவே இல்லை. ஆவி அடங்கி, ஆடை கட்டி, பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் பத்தடி தூரம்தான், அதற்குள் காபி ஆறாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

முழு டம்ளரும் வெள்ளைப் பேண்டில் போனது.

சிவமுருகன் துள்ளி எழுந்தான். கந்தம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கே பழுது என்று தாய்மாமன் குனிந்து வளையங்களை ஆராய்ந்தார்.

"தட்டு மேல தப்பில்லைங்க" என்றார் வேலப்பன். "ஆளுதான் கோளாறு."

ரோகிணி நாலு கிலோவைத் தரையில் இறக்கி வைத்தாள். மீதி ஐந்து டம்ளரும் ஒரு சொட்டு சிந்தவில்லை.