சுரைக்காய் ஜூஸ்

எதிர்வீட்டு மரகதம் ஜூஸர் வாங்கியதிலிருந்து அவள் கணவர் சற்குணத்துக்குக் காலைக் காபி கிடையாது. சுரைக்காயை முழுசாக உள்ளே தள்ளிப் பட்டனை அழுத்திவிடுவாள். நறுக்கும்போது ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்கும் வழக்கமெல்லாம் போயிற்று. இன்று சர்க்கரை கேட்கிற சாக்கில் நான் எட்டிப்பார்த்தபோது அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, இப்படிக் கசக்குது?"

"கசந்தாத்தான் உடம்புக்கு நல்லது. மூக்கைப் பிடிச்சுட்டுக் குடிங்க."

குடித்துவிட்டார்.

"கசக்குற சுரைக்காய் ஆளையே சாய்ச்சிடும், மரகதம்" என்றேன் நான்.

"உங்களுக்கு எல்லாத்துலயும் குத்தம்தான்க்கா."

சற்று நேரத்தில் அவர் குளியலறைக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டார். குடலே வெளியே வருவதுபோல் வாந்திச் சத்தம். பிறகு அது சட்டென்று நின்றது.

"பாத்தீங்களாக்கா, சரியாப்போச்சு" என்றாள் மரகதம்.

கதவைத் தட்டத்தான் எங்கள் இருவருக்கும் கை வரவில்லை.