ஆட்டுத் துறையின் கடைசி மாணவி

"இந்தத் தடவையும் கோட்டை விட்டுடாதம்மா," என்றார் ஷெய்ஷென் அகாய். அந்த மலை மாவட்டத்தில் வாத்தியாரை 'அகாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மேஜையில் வாய்மொழித் தேர்வுக்கான கேள்விச் சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. எதிரே ஒரே மாணவி, உல்ஜான். ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவள்.

மேற்பார்வைக்கு வந்த ஜிபார், கணினித் துறைக்காரி. கைப்பையில் புதுப் பூட்டோடு வந்திருந்தாள். உல்ஜான் தேறிவிட்டால் பல்கலைக்கழகத்தின் ஆடு வளர்ப்புத் துறையில் ஆளே கிடையாது. அறை கணினித் துறைக்கு. தோற்றால் இன்னும் ஒரு வருஷம் பூட்ட முடியாது.

ஒரு காலத்தில் உட்கார இடமில்லாத வகுப்பு அது. இப்போது அகாய் பேசினால் சுவர்தான் கேட்கிறது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் ரஷ்யாவில். பாவம், வீட்டிலும் சுவர்தான்.

உல்ஜான் ஒரு சீட்டை எடுத்து மனசுக்குள் படித்தாள். ஜன்னல் வழியே பல்கலைக்கழக வாசல் வளைவைப் பார்த்தாள். அதில் '1953' என்று ஆளுயரத் தகர எண்கள், பனி படிந்து நின்றன.

"தெரியல அகாய்."

"வேற எடு."

எடுத்தாள். மறுபடியும் வளைவைப் பார்த்தாள். "இதுவும் தெரியல."

"நல்லா யோசிம்மா. கால்நடை ஆஸ்பத்திரியில உனக்கு வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். கால்ல விழாத குறை."

"வேலை எங்க போயிடப் போகுது, அகாய்?"

ஜிபாருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, நீ படிக்கிற ஆட்டுக்குக்கூட இதைவிட வெவரம் இருக்கும். வெளிய வேடிக்கை பார்த்தா பதில் வருமா?"

உல்ஜான் தலைகுனிந்தாள். "அடுத்த வருஷம் சொல்லிடறேன்க்கா."

அகாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சரி, வா. டீயாவது போடலாம்."

இருவரும் பக்கத்து அறைக்குப் போனார்கள்.

அப்படி என்ன பொல்லாத கேள்வி? எரிச்சலோடு ஒரு சீட்டைத் திருப்பினாள் ஜிபார்.

'நம் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டு எது?'

அடுத்த சீட்டிலும் அதே கேள்வி. எல்லாச் சீட்டிலும் அதே கேள்வி.

ஜிபார் ஜன்னல் பக்கம் திரும்பினாள். தகர எண்கள் அவளையே பார்த்தன.

"அக்கா, டீ ஆறுது!"

பூட்டைப் பையின் அடியில் தள்ளிவிட்டுப் போனாள். டீக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அகாயிடம் சொன்னாள்:

"அடுத்த வருஷம் கேள்வியைக் கொஞ்சம் கஷ்டமா வைங்க, அகாய். தெரியலன்னு சொல்றதுக்கு இந்தப் பொண்ணு ரொம்பக் கஷ்டப்படுது."